தலையில் இரண்டு மில்லியாம்பியர்: கேள்விகளும் பதில்களும்

நெற்றியிலோ காதிலோ மெல்லிய மின்சாரம் செலுத்தும் கருவிகளைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. கவனக்குறைவு, மனஅழுத்தம், பதற்றம் மூன்றுக்கும் இந்த ஒரே கருவி போதும் என்கின்றன விளம்பரங்கள். ஒரே சாயலில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: இதுவும் ஷாக் ட்ரீட்மென்ட்தானே? பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்களா?

பதில்: இல்லை. ஷாக் ட்ரீட்மென்ட் என்று நாம் சொல்லும் ஈ.சி.டி.யில் மயக்க மருந்து கொடுத்து, 800 முதல் 900 மில்லியாம்பியர் வரையிலான மின்துடிப்புகளைச் சில நொடிகள் செலுத்துவார்கள். மூளையில் வலிப்பை வரவழைப்பதே அதன் நோக்கம். நீங்கள் கேட்கும் கருவிகளில் ஒரு வகையான டி.டி.சி.எஸ் முறையில் செலுத்துவது 1 அல்லது 2 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம். ஆள் விழித்தபடி உட்கார்ந்திருப்பார், படிக்கலாம், பேசலாம்.

அந்த 2 மில்லியாம்பியரும் முழுசாக மூளைக்குப் போவதில்லை. இறந்தவர்களின் உடலில் நேரடியாக அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், செலுத்திய மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தோல், தசை, மண்டையோடு ஆகியவற்றிலேயே கழிந்துவிட்டது. மூளைக்குள் உண்டாகும் மின்புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அது சமிக்ஞை அனுப்ப வேண்டுமானால் அந்த நிலையிலிருந்து 15 மில்லிவோல்ட் அளவுக்கு மேலேற வேண்டும். நாம் கொடுக்கும் மின்சாரம் அதை நகர்த்துவதோ ஒரு மில்லிவோல்ட்டில் சிறு பங்கு. தூங்கும் நரம்பணுவை இது எழுப்பாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலுக்கு விரலால் ஒரு தள்ளு கொடுப்பது போலத்தான். அந்த நேரத்தில் மூளை எதில் ஈடுபட்டிருக்கிறதோ அதைத்தான் இது கொஞ்சம் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். கீழே வரும் பல பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

கேள்வி: கடைகளில் காதில் மாட்டும் கிளிப், நெற்றிப்பட்டை, தொப்பி என்று பலவிதம் இருக்கின்றன. எல்லாம் ஒன்றா?

பதில்: தலையைச் சுற்றி இருக்கின்றன என்பதைத் தவிர ஒற்றுமை அதிகம் இல்லை. ஈரமான ஸ்பாஞ்சு இரண்டைத் தலையில் இரண்டு இடங்களில் வைத்து, ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைச் செலுத்துவது டி.டி.சி.எஸ். குறிப்பிட்ட அலைவெண்ணில் திசை மாறி மாறி ஓடுவது டி.ஏ.சி.எஸ். காதுச்சோணைகளில் கிளிப் மாட்டி மிகக் குறைந்த துடிப்புகளை அனுப்புவது சி.இ.எஸ். இதன் அளவு பெரும்பாலும் மைக்ரோஆம்பியரில், அதாவது மில்லியாம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் சொல்லப்படும். இடது காதுமடலின் உள்பள்ளத்தில் வைப்பது வேறு வகை. அது மூளையைத் தொடுவதே இல்லை. மூளையிலிருந்து இதயம், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் கிளை அங்கே தோலுக்கு அடியில் ஓடுகிறது, அதைத் தூண்டுகிறது. பல ஆய்வுகளில் இதன் துடிப்பு நொடிக்கு 25 முறை.

பெட்டியில் அலைவெண், மில்லியாம்பியர், மின்முனையின் பரப்பு, வைக்கும் இடம் ஆகிய நான்கும் எழுதப்படவில்லை என்றால் அதை வாங்க வேண்டாம். ஒரு வகையில் கிடைத்த ஆய்வு முடிவை இன்னொரு வகைக்கு விளம்பரமாகப் போடும் பழக்கம் இந்தச் சந்தையில் உண்டு.

கேள்வி: எனக்குப் பல ஆண்டுகளாகப் பதற்றம். இரவில் தூக்கம் வருவதில்லை. காதுக் கிளிப் கருவி உதவுமா?

பதில்: சிலருக்கு உதவலாம், ஆனால் சான்று மெலிவு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் சி.இ.எஸ் கருவிகளைப் பிரித்து வகைப்படுத்தியது. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் என்றால் மருத்துவர் சீட்டோடு தரும் நடுத்தர ஆபத்துப் பிரிவில் வைத்தது. மனச்சோர்வுக்கு என்றால், பலனை நிரூபித்து முன்அனுமதி வாங்க வேண்டிய கடுமையான பிரிவு. முதல் பிரிவில் இடம் கிடைத்ததால் பலன் உறுதியாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்று சொன்னது. அதற்கும் சான்றின் வலிமை குறைவு என்றே குறித்தது. மற்ற நிலைகளுக்குச் சான்றே போதவில்லை. இங்கிலாந்தில் மனச்சோர்வுக்காக 236 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில், 8 வாரம் தினமும் ஒரு மணி நேரம் உண்மைக் கருவியை மாட்டியவர்களுக்கும் போலிக் கருவியை மாட்டியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மருத்துவர் சொல்லி நீங்கள் பயன்படுத்துவதானால் ஒரு காரியம் செய்யுங்கள். தொடங்குமுன் ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்வி அளவுகோலை நிரப்புங்கள். மதிப்பெண் 0 முதல் 21 வரை. 5, 10, 15 என்பவை முறையே லேசான, மிதமான, கடுமையான பதற்றத்தின் தொடக்கப் புள்ளிகள். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், முந்தைய தாளைப் பார்க்காமல் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஆறு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் கருவியை மூட்டைகட்டி வைக்கலாம். ‘கொஞ்சம் லேசா இருக்கிற மாதிரி இருக்கு’ என்ற உணர்வை மட்டும் நம்பினால் ஒரு வருடம் ஓடிவிடும்.

பயப்படும் சூழலைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்குச் சான்று இதைவிடப் பல மடங்கு வலுவானது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதற்குச் செலவு செய்வதை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: முதல் முறை மாட்டியபோதே ஐந்து நிமிடத்தில் மனம் அமைதியானது. அப்படியென்றால் வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அவசியம் இல்லை. இருபது நிமிடம் போனைத் தொடாமல், அசையாமல், ‘இப்போது சரியாகும்’ என்ற எதிர்பார்ப்போடு உட்கார்ந்தாலே மனம் தணியும். ஆய்வாளர்கள் போலிக் கருவியை எப்படி அமைக்கிறார்கள் என்று கேட்டால் இது விளங்கும். முதல் 30 நொடிகளில் மின்சாரத்தை மெல்ல உயர்த்தி, அரிப்பு வந்ததும் மெல்ல இறக்கி நிறுத்திவிடுவார்கள். அரிப்பு தொடக்கத்தில்தான் அதிகம் தெரியும் என்பதால் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. அந்தப் போலிக் கருவியிலும் கணிசமானோர் குணம் காண்கிறார்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நோய் எதுவும் இல்லை, கவனம் மட்டும் சிதறுகிறது. நெற்றியில் டி.டி.சி.எஸ் வைத்துப் படித்தால் மனப்பாடம் கூடுமா?

பதில்: உங்களுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, ஆரோக்கியமானவர்களின் சிந்தனைத் திறனில் நம்பத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. சந்தையில் விற்ற ஒரு தலைப்பட்டையை 2016இல் சோதித்தபோது, தற்காலிக நினைவைச் சோதிக்கும் பணியில் மாட்டியவர்களின் துல்லியம் குறைந்தது.

அதைவிட யோசிக்க வைப்பது இன்னொன்று. ஆக்ஸ்போர்டில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், தலையின் பின்மேல் பகுதியில் மின்சாரம் வைத்தவர்கள் புதிய எண்களை வேகமாகக் கற்றார்கள். ஆனால் கற்றதை யோசிக்காமல் எடுத்துக் கையாளும் திறன் குன்றியது. முன்நெற்றியில் வைத்தவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. 2014இல், கணக்கு என்றாலே பயப்படுபவர்களுக்கு முன்நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் விடை சொல்லும் வேகம் கூடியது, மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோலும் குறைந்தது. கணக்குப் பயம் இல்லாதவர்களுக்கு அதே இடத்தில் அதே அளவு வைத்தபோது வேகம் குறைந்தது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்ளும் கருவி இது. எதை எடுத்தது என்பது தேர்வறையில்தான் தெரியவரும்.

கேள்வி: எனக்கு வயது 32. ஏ.டி.ஹெச்.டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். மாத்திரைக்குப் பதில் இதை முயலலாமா? என் மகனுக்கும் அதே குறை, அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பெரியவர்களுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2022இல் வெளியானது. ஏ.டி.ஹெச்.டிக்கான ஊக்க மருந்து எடுக்காத 64 பேரில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே 4 வாரம், தினமும் 30 நிமிடம், 2 மில்லியாம்பியர் வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் உள்ளே போகும் நேர்முனை வலது முன்நெற்றிப் பகுதியில், வெளியேறும் எதிர்முனை இடதில். போலிக் கருவி வைத்தவர்களைவிட இவர்களின் கவனக்குறைவு குறைந்தது. ஒரே சோதனை, ஆட்களும் குறைவு. மாத்திரைக்கு மாற்று என்று சொல்ல இது போதாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் பேசிப் பார்க்கத் தகுந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இடத்தைக் கவனித்தீர்களா? மனச்சோர்வுக்கு வழக்கமாக நேர்முனை இடதுபுறம் வரும். இங்கே வலதுபுறம். மனச்சோர்வுக்கென்று வடிவமைத்த பட்டையைக் கவனக்குறைவுக்கு மாட்டினால் திசையே தலைகீழாகப் போய்விடும்.

மகனுக்கு டி.டி.சி.எஸ் வேண்டாம். சிறுவர்கள் 50 பேரிடம் மூளைப் பயிற்சியோடு சேர்த்து 15 அமர்வுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில் பலன் கிடைக்கவில்லை. வளரும் மூளை, மெல்லிய மண்டையோடு, சிறிய தலை: அதே 2 மில்லியாம்பியர் உள்ளே உண்டாக்கும் மின்புலம் பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். நீங்கள் கேள்விப்பட்டது, அமெரிக்காவில் 2019இல் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதித்த நெற்றி ஒட்டுப்பட்டையாக இருக்கக்கூடும். அது வேறு. முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் நரம்பை இரவில் தூக்கத்தின்போது தூண்டுவது. அந்த அனுமதிக்கு அடிப்படை 62 பிள்ளைகளிடம் நடந்த நான்கு வாரச் சோதனைதான்.

கேள்வி: மருத்துவர் எழுதிக் கொடுத்து வீட்டில் டி.டி.சி.எஸ் வைத்துக்கொள்கிறேன். நெற்றியில் சிவந்து, ஒரு இடத்தில் கொப்புளம் போல் வந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் ஸ்பாஞ்சில். மின்சாரம் ஸ்பாஞ்சின் முழுப் பரப்பிலும் பரவி இறங்க வேண்டும். 2 மில்லியாம்பியரை 35 சதுர சென்டிமீட்டர் ஸ்பாஞ்சில் விட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.06 மில்லியாம்பியருக்கும் குறைவு. ஸ்பாஞ்சின் பாதி காய்ந்தால் அத்தனையும் மீதிப் பாதியில் இறங்கும். ஒரு ஓரம் மட்டும் தோலைத் தொட்டால் கேட்கவே வேண்டாம். கொப்புளம் வருவது அப்படித்தான்.

குழாய்த் தண்ணீரில் நனைப்பது அடுத்த தப்பு. தோல் காயங்கள் பதிவான பல நிகழ்வுகளில் குழாய்த் தண்ணீர்தான் இருந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் சரியாக இருக்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டாம். 35 சதுர சென்டிமீட்டர் ஸ்பாஞ்சுக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 6 மில்லிலிட்டர் போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து விடுங்கள். அழுத்தினால் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டிய தண்ணீர் நெற்றியில் ஓடி இரண்டு ஸ்பாஞ்சுகளையும் இணைத்துவிட்டால் மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே குறுக்கே போய்விடும். மூளைக்கு எதுவும் போகாது, கருவியோ எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

வைக்குமுன் நெற்றியில் உள்ள எண்ணெய், கிரீம், மேக்கப்பைத் துடைத்தெடுங்கள். ஆனால் சிராய்க்கும்படி தேய்க்க வேண்டாம். தோல் மெலிந்த இடத்தில் மின்சாரம் குவியும். பரு, காயம், சவரம் செய்த வெட்டு இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். தலைமுடி உள்ள இடத்தில் முடியை வகிடு எடுத்து விலக்கி, ஸ்பாஞ்சு தோலைத் தொடும்படி வையுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தகடோ, வயர் செருகும் உலோக முனையோ ஸ்பாஞ்சுக்கு வெளியே துருத்தித் தோலைத் தொடக் கூடாது. பட்டை இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் தலை வலிக்கும்படி அல்ல.

கருவியில் மின்தடை காட்டும் வசதி இருந்தால் 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தொடங்காதீர்கள். 10ஐத் தாண்டினால் காய்ந்திருக்கிறது அல்லது தொடவில்லை என்று பொருள். மின்சாரம் 30 நொடியில் மெல்ல ஏற வேண்டும், முடிவில் அதேபோல் மெல்ல இறங்க வேண்டும். லேசான அரிப்பு, குறுகுறுப்பு, கழற்றியபின் அரை மணி நேரச் சிவப்பு இயல்பு. ஒரே புள்ளியில் சுடுவது போன்ற எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் நிறுத்துங்கள். பட்டையைப் பிடுங்காமல் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். கொப்புளம் முழுதாக ஆறும்வரை அந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், ஸ்பாஞ்சு போதும், வீட்டிலேயே செய்யலாம் என்கிறான் நண்பன். இன்ஜினியரிங் படிக்கிறேன். செய்யலாமா?

பதில்: இன்ஜினியரிங் படிப்பவருக்கு ஓம் விதியே பதில். தலையின் மின்தடை 4.5 கிலோ ஓம் இருக்கும்போது 9 வோல்ட் தருவது 2 மில்லியாம்பியர். பத்து நிமிடத்தில் வியர்வையும் சலைனும் ஊறித் தடை 2 கிலோ ஓமாக இறங்கினால் அது 4.5 மில்லியாம்பியர். சொல்லாமல் கொள்ளாமல் இரட்டிப்புக்கு மேல் ஏறிவிடும். முறையான கருவி வோல்ட்டை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும், மெல்ல ஏற்றி இறக்கும், தொடுகை விட்டால் நிறுத்தும். உங்கள் பேட்டரி இவற்றில் ஒன்றையும் செய்யாது. வயர் நழுவும் நொடியில் மின்சாரம் சட்டென்று பூஜ்யமாகும்போது கண்ணில் பளிச்சென்று வெளிச்சமும் தலையில் உதறலும் வரும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று அமைக்கத் தெரியும் என்பீர்கள். அந்தச் சுற்றே பழுதானால் தடுக்க இரண்டாவது தடுப்பு இருக்கிறதா? சார்ஜர் செருகிய எந்தப் பெட்டியையும் தலையோடு இணைக்கவே கூடாது என்பது தனி. 2016இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் 39 பேர், வீட்டில் தாங்களாகவே செய்துகொள்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள். அவர்களின் கவலை தீக்காயத்தைப் பற்றியதாக மட்டும் இல்லை. குறி வைத்த இடத்தைத் தாண்டிப் பிற பகுதிகளும் மாறும், விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடும், அது நெடுநாள் நீடிக்கலாம் என்றார்கள்.

கேள்வி: 20 நிமிடம் நல்லது என்றால் 40 நிமிடம் இன்னும் நல்லதுதானே?

பதில்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கை அசைவுக்கான மூளைப் பகுதியில் 1 மில்லியாம்பியரை 13 நிமிடம் விட்டால் நேர்முனையின் கீழ் நரம்பணுக்களின் கிளர்ச்சி, அதாவது எளிதில் தூண்டப்படும் தன்மை, கூடுகிறது. இடைவெளியின்றி 26 நிமிடம் விட்டால் விளைவு புரண்டு, கிளர்ச்சி குறைகிறது. எதிர்முனை 1 மில்லியாம்பியரில் கிளர்ச்சியைத் தணிக்கும், அதையே 2 மில்லியாம்பியரில் 20 நிமிடம் விட்டால் கூட்டிவிடும். இவை ஆய்வகத்தில் அளந்து கண்டவை. சீட்டில் எழுதிய அளவு, நேரம், இடைவெளி மூன்றையும் மாற்றாதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு முறை வைத்து ஈடுகட்ட வேண்டாம்.

கேள்வி: வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஏதாவது இடிக்குமா?

பதில்: விஷமாகாது, ஆனால் பலனை மாற்றிவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் நேர்முனையின் விளைவை அழிக்கிறது. இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கருவியைக் கழற்றியபின் விளைவு நீடிப்பதைத் தடுக்கிறது. பதற்றத்துக்குத் தரும் லோரசெபாம் நேர்முனையின் விளைவைத் தள்ளிப்போட்டுப் பிறகு நீட்டுகிறது. சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரை நேர்முனையின் விளைவை வலுவாக்குகிறது, எதிர்முனையின் திசையையே மாற்றுகிறது. ஆகவே பட்டியலை முழுதாகச் சொல்லுங்கள், இருமல் மருந்தையும் சேர்த்து. கருவிக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: வைத்திருக்கும்போது கண்ணோரத்தில் மினுமினுப்பு தெரிகிறது. மூளைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: நெற்றியில் வைக்கும் மின்சாரம் விழித்திரையைத் தொடுவதால் வருவது. பார்வையைக் கெடுக்காது. திசை மாறும் மின்னோட்டக் கருவிகளில் அதிகம் தெரியும். தொந்தரவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: யார் தொடவே கூடாது?

பதில்: பேஸ்மேக்கர், உள்காதில் அறுவை செய்து பொருத்திய கேட்கும் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்), மூளையில் பதித்த மின்முனை, தலைக்குள் உலோகக் கிளிப் அல்லது தகடு உள்ளவர்கள். வலிப்பு வந்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் நிபுணர் நேரில் பார்த்துச் சொல்லாமல் வைக்கக் கூடாது. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மனச்சோர்வுக்காக 245 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில், டி.டி.சி.எஸ் பெற்றவர்களில் இருவருக்குப் புதிதாக மேனியா வந்தது. தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்குவது, பேச்சு ஓயாதது, கையிருப்பை வாரி இறைப்பது தெரிந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதைக் கவனிப்பது கருவி மாட்டியவரால் முடியாது. வீட்டில் இன்னொருவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஸ்பாஞ்சை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, ரப்பர் தகட்டைத் தனியாக எடுத்துத் துடைத்து, இரண்டையும் காற்றில் உலர்த்துங்கள். உப்பு படிந்து விறைத்தது, ஓரம் கிழிந்தது, நிறம் மாறியது, நனைத்தாலும் ஒரு மூலை மட்டும் ஊறாதது எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். ரப்பரில் விரிசல் தெரிந்தால் தகட்டையும் மாற்றுங்கள். இருவர் ஒரே ஸ்பாஞ்சைப் பயன்படுத்தக் கூடாது.